ஆடுதற்கு உரியவர் யார்?

மார்ச்சு மாதத்து வெயில் யாழ்ப்பாண நகரைச் சுடத் தொடங்கும் நாட்களில், மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றிப் பந்தல்கள் எழும். தலை நரைத்த பழைய மாணவர்கள் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்து கூடுவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டிலே தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்றே மக்கள் வழங்குவர். போர்க்காலத்தில் அது சில ஆண்டுகள் நடைபெறாது நின்றதுண்டு. ஆயினும் அற்றுப்போகவில்லை.

வென்ற அணியின் பெயரையும், ஓட்டங்களைக் குவித்தவனின் பெயரையும் மறுநாட் பத்திரிகைகள் எழுதும். பதினொருவர் பட்டியலில் ஏறாதவனுடைய பெயரை எவரும் எழுதுவதில்லை. திறமைக் குறைவினால் விலக்கப்பட்டவனைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவன் அடுத்த ஆண்டு முயலலாம். திறமை நிரம்பியிருந்தும், வயது சில நாட்களால் மிகுந்துவிட்டமையாலோ, வேறொரு பாடசாலையிலிருந்து அண்மையில் வந்தமையாலோ, பந்தலின் ஓரத்திலே நிற்கும் மாணவன் ஒருவன் உண்டு. அவனை வெளியே நிறுத்துவது ஒரு விதி. அந்த விதி யாருக்காக இயற்றப்பட்டது, அது மாறும்போது யார் பயனடைகின்றனர், யார் இழக்கின்றனர் என்பனவே ஆராயத்தக்கவை.

முதலிலே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. அமெரிக்காவிலே கல்லூரி என்றால் பல்கலைக்கழகப் படிப்பைத் தரும் நிலையம். யாழ்ப்பாணத்திலோ, சிறுவன் அரைக்காற்சட்டையோடு நுழைந்து, க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வெளியேறும் பாடசாலையையே பெரும்பாலும் கல்லூரி என்கின்றனர். 1816இல் தொடங்கிய மத்திய கல்லூரி, 1823இல் தொடங்கிய பரியோவான் கல்லூரி, பருத்தித்துறையில் 1838இல் எழுந்த ஹாட்லிக் கல்லூரி, 1890இல் நிறுவப்பெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, தெல்லிப்பழையில் 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனாக் கல்லூரி ஆகிய யாவும் இவ்வகையினவே. அமெரிக்க மாணவன் ஒருவனுக்குக் கல்லூரி அணியில் இடமில்லையெனில், அவன் செல்வதற்கு வேறு கழகங்களும் களங்களும் உண்டு. தீபகற்பத்து மாணவனுக்கோ நல்ல மைதானமும் பயிற்றுநரும் கருவிகளும் பெரும்பாலும் கல்லூரி மதிலுக்குள்ளேயே உள்ளன. ஆதலால் இங்கே தகுதி விதி ஒருவனைத் தடுக்குமாயின், அஃது ஒரு போட்டியை மட்டும் தடுப்பதன்று. அவனுடைய விளையாட்டு வாழ்வையே முடித்துவைக்கவும் கூடும்.

யாழ்ப்பாணத்தவர் வேலியின் அருமையை அறிந்தவர்கள். பனையோலையால் அடைத்த வேலி பயிரை மாட்டிலிருந்து காக்கும். அதே வேலி ஒரு முழம் நகர்ந்து ஒழுங்கைக்குள் வந்துவிட்டால், அயலவன் நடக்கும் பாதை அடைபட்டுவிடும். விளையாட்டுத் தகுதி விதிகளும் இத்தகையனவே. வயது, கல்வி, பாடசாலை மாற்றம், பணம் என நான்கு பக்கத்திலும் வேலி அடைத்திருக்கின்றார்கள். நான்கினுள் ஒன்றேனும் வேண்டாததன்று. ஆனால் ஒவ்வொன்றும் எளியவனைக் காக்கின்றதா, எளியவனை மறிக்கின்றதா என்பதை அவ்வப்போது சென்று பார்த்தல் வேண்டும்.

வயது வேலியை முதலில் நோக்குவோம். பதினைந்து வயதுப் பிள்ளையை இருபது வயது இளைஞனோடு மோதவிடுவது போட்டியாகாது. ஆகவேதான் பாடசாலைத் துடுப்பாட்டத்தில் 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் வகுக்கப்பெற்றன. இப்பிரிவு சின்னஞ்சிறாரைக் காக்கின்றது. இதிலே எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது.

ஆனால் வயதைக் காட்டுவது ஒரு காகிதம். முற்காலத்திலே சாதகக் குறிப்பில் ஒரு நாளும் பாடசாலைப் பதிவில் வேறொரு நாளும் இருந்த குடும்பங்கள் உண்டு. பிற்காலத்திலோ போர் வந்து காகிதங்களையே அழித்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராய் ஓரிரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தனர். பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துச் சென்றோரும் உளர். விட்டுச் சென்றோரும் உளர். மாதக்கணக்காகப் பள்ளி காணாத பிள்ளைகள் பலர். அவ்வாறு ஓராண்டு பிந்தி வகுப்பேறிய மாணவன், உயர்தர வகுப்பை எட்டும்போது பிராயத்தால் முதிர்ந்திருப்பான். படிப்பில் அவன் இன்னும் பாடசாலைப் பிள்ளை. விளையாட்டு விதியின் கண்ணுக்கோ அவன் வயது கடந்தவன். இழந்த ஆண்டு அவன் சோம்பலால் இழந்ததன்று.

இத்தகைய இழப்புக்கு உலகம் எவ்வாறு விடை கண்டது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு காட்டுகின்றன. கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில், அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் மாணவ வீரர்களுக்கு மேலதிகமாக ஓராண்டுத் தகுதியை வழங்கியது. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவங்களே ஆடலாம் என்று நெடுங்காலம் விதித்து வந்த சங்கம் அது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவின் உச்ச வயது முன்னர் 28 ஆக இருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும் 2021இல் சீனாவின் செங்டு நகரில் நடக்கவேண்டிய விழா 2023 வரை தள்ளிப்போனபோது, அந்த எல்லை 27 ஆக உயர்த்தப்பட்டது. காலம் மாணவரின் பிழையின்றிக் கழிந்தது. ஆகவே காலத்தைத் திருப்பிக் கொடுத்தனர்.

இலங்கையிலும் அந்நாட்களில் பரீட்சைகள் பிந்தின. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022இன் தொடக்கத்திலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023இன் தொடக்கத்திலும் நடந்தன. பரீட்சை பிந்தினால் மாணவன் பாடசாலையிலே தங்கும் காலம் நீளும். பிறந்த நாளோ எவருக்காகவும் பிந்துவதில்லை. பெருந்தொற்றுக்காக நாள் கணக்கை நீட்டுவது நியாயமெனின், போராலும் இடப்பெயர்வாலும் ஆண்டிழந்த பிள்ளைக்கு அந்நியாயம் இன்னும் பன்மடங்கு உரியதாகும். வயது எல்லையை எல்லாருக்குமாக உயர்த்திவிடல் தீர்வாகாது. அது சிறியவர்களை மீண்டும் பெரியவர்களிடம் தள்ளிவிடும். ஆளாளாய் விசாரித்து, இழப்பு மெய்யானதெனக் கண்டால் விலக்களிக்கும் ஒரு வாயிலே வேண்டப்படுவது.

இரண்டாவது கல்வி வேலி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்கு மைதானமா, தனியார் கல்வி நிலையமா என்ற வழக்கு வீடுதோறும் நடப்பது. விளையாட்டு வீரன் முதலில் மாணவன். ஆகவே படிப்பில் ஓரளவு தேறியிருத்தல் வேண்டும் என்பது நல்ல விதியே. மாணவனை ஆட்டத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, கல்வி கொடாது கைவிடும் நிலையத்திடமிருந்து அவனைக் காப்பது அவ்விதி.

ஆயினும் அமெரிக்காவின் அனுபவம் எச்சரிக்கை தருகின்றது. அங்கே 1983இல் ஏற்கப்பட்டு 1986இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி, குறித்த பாடங்களில் குறித்த சராசரிப் புள்ளியும், பொதுத் தேர்வொன்றில் குறித்த புள்ளியும் பெறாதவர் முதலாண்டில் ஆடலாகாது என்றது. பின்னர் அத்தகையோருக்கு உதவிப் பணமும் இல்லையென விதியை இறுக்க முனைந்தனர். 1989ஆம் ஆண்டு ஜனவரியில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜோன் தொம்சன், ஆட்டம் தொடங்கும் வேளையில் களத்தை விட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைக் காட்டினார். வசதி குறைந்த பள்ளிகளில் பயின்ற கறுப்பின மாணவரையே அத்தேர்வு பெரிதும் வடிகட்டிவிடுகின்றது என்பது அவர் வாதம். பல்லாண்டு விவாதத்தின் பின், 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பொதுத் தேர்வுப் புள்ளி தகுதி விதியிலிருந்து நீக்கப்பட்டது. பாடங்களில் தேறவேண்டும் என்ற கடப்பாடு நின்றது. வேலி இருந்த இடத்திலேயே இருக்க, பாதையை மறித்த கதிகால் மட்டும் பிடுங்கப்பட்டது எனலாம்.

இலங்கையில் பல்கலைக்கழகம் புகுவதை உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி தீர்மானிக்கின்றது. எனினும் குறைந்தபட்சத் தகுதி பெற்று, விளையாட்டில் நாடளாவிய புகழோ சர்வதேசப் புகழோ ஈட்டியவர்களுக்குச் சிறப்பு அனுமதி வழி ஒன்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்திருக்கின்றது. இவ்வழியை அறிந்த பெற்றோர் மைதானத்தை வீண் என்று கருதார். அறியாத பெற்றோரின் பிள்ளை, ஓட்டத்தில் முதல்வனாயினும், பத்தாம் வகுப்போடு பாதணியைக் கழற்றி வைத்துவிடுகின்றான். விதி இருந்தால் மட்டும் போதாது. அது கிராமத்து அதிபரின் மேசைக்கும், வயலில் நிற்கும் தகப்பனின் காதுக்கும் எட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, பாடசாலை மாற்றம். ஊர்ப் பாடசாலை ஒன்றில், நாவல் மரத்தடியில் ஓர் ஆசிரியர் தாமே வேகப்பந்து கற்பித்து ஒரு மாணவனை உருவாக்குகின்றார். அவன் பெயர் வெளியே தெரிந்ததும், நகரத்துப் பெரிய நிலையம் விடுதியும் உணவும் தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்கின்றது. மாணவனுக்கு அது நன்மையாகவே இருக்கலாம். ஆனால் விதைத்தவன் களத்திலே வெறுங்கையோடு நிற்கின்றான். இதைத் தடுக்கவே, புதிதாகச் சேர்ந்தவன் ஒரு காலம் காத்திருந்த பின்னரே ஆடலாம் என்ற விதி பல நாடுகளில் எழுந்தது. இதுவும் எளியவனைக் காக்கும் வேலியே.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் யாவரும் ஆசைப்பட்டா பாடசாலை மாறினர்? மகாஜனாக் கல்லூரி 1990இல் தன் சொந்த மண்ணை விட்டே இடம்பெயர நேர்ந்தது. கல்லூரியே அகதியானபின் மாணவனிடம், ஏன் பாடசாலை மாறினாய் என்று கேட்பது எங்ஙனம்? தாமாக மாறியவரும் துரத்தப்பட்டு மாறியவரும் ஒரே நிரையில் நிறுத்தப்பட்டால், விதி நீதியின் வடிவத்தைத் தாங்கிக்கொண்டு அநீதியைச் செய்யும்.

அதே மகாஜனாவில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் என்னும் பெண், 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் கோலூன்றிப் பாய்தலில் பெண்களுக்கான இலங்கைச் சாதனையைப் பன்முறை முறியடித்தார். கோலூன்றிப் பாய்தல் ஒழுங்கையில் நின்று பயிலக்கூடிய விளையாட்டன்று. வளையும் கோலும் விழுவதற்கு மெத்தையும் பொறுமையுள்ள பயிற்றுநரும் வேண்டும். இவை பாடசாலை வழியாகவே ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கிட்டுகின்றன. இதை நினைப்போர், பாடசாலைத் தகுதி என்னும் வாயில் எத்துணைப் பெரிது என்பதை உணர்வர்.

அயல்நாட்டவரென்ற காரணத்தால் மாணவரை மறித்த விதியும் உண்டு. அமெரிக்கச் சங்கம் 1960களில், அயல்நாட்டு மாணவர் குறிப்பிட்ட வயதின் பின் தம் நாட்டில் ஆடிய ஆட்டங்களைக் கணக்கிட்டு, அவர்களின் தகுதிக் காலத்தைக் குறைத்தது. உள்நாட்டு மாணவனுக்கு அக்கணக்கு இல்லை. கறுப்பின மாணவர் பெரும்பான்மையாய்ப் பயிலும் ஹவார்ட் பல்கலைக்கழகம் 1971இல் உதைபந்தாட்டச் சம்பியனாயிற்று. அயல்நாட்டு வீரர் சிலருக்குத் தகுதியில்லை என்று சொல்லி அவ்வெற்றி பறிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் நீதிமன்றம் சென்றது. அயல்நாட்டு மாணவரை மட்டும் வேறுபடுத்தும் அவ்விதி சமத்துவத்துக்கு மாறானது என 1970களில் தீர்ப்பாயிற்று. பறித்த கிண்ணம் திரும்பவில்லை. 1974இல் ஹவார்ட் அணி மீண்டும் ஆடி அதே பட்டத்தை வென்றது.

நான்காவது, பணம். இதுவே மிகப் பெரிய மாற்றம் கண்ட வேலி. இங்கிலாந்தின் ஹென்லிப் படகோட்டப் போட்டியை நடத்தியோர் 1879இல் ஒரு விதி செய்தனர். கைத்தொழிலாளியும் கூலியாளும் பொழுதுபோக்கு வீரராகக் கொள்ளப்படார் என்றது அவ்விதி. 1937 வரை அது நின்றது. பணத்துக்காக ஆடாமை என்னும் உயர்ந்த கொள்கையின் உள்ளே, உழைத்துண்பவன் தம்மோடு ஆடலாகாது என்ற குலச்செருக்கு ஒளிந்திருந்ததை இது காட்டும். 1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் இரு தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், முன்னர் பேஸ்போல் ஆட்டத்துக்குச் சிறுதொகை பெற்றார் என்ற குற்றத்துக்காக 1913இல் பதக்கங்களை இழந்தார். அவர் இறந்தபின் 1982இலேயே வெற்றி மீண்டும் ஏற்கப்பட்டது. அவரே தனி முதல்வர் என அறிவிக்கப்பட்டது 2022இல். தவற்றைத் திருத்த ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டு சென்றது.

யாழ்ப்பாணத்தின் பழைய வீரரும் பணமறியாது ஆடியவர்களே. மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் களம் கண்டார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, ஆசிய விழாவில் இலங்கைக்கு முதல் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலே பயின்றார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் 2024இல் மறைந்தார். அவருக்குப் பாய்ச்சல் தந்த பெருஞ்செல்வம் கல்வியே.

அதே கல்லூரியின் மைதானத்திலிருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் பத்தொன்பது வயது நிறையும் தறுவாயில், லங்கா பிரீமியர் லீக் தொடரில் யாழ்ப்பாண அணிக்காகப் பந்து வீசினார். 2024இல் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். ஒரு கல்லூரியின் இரு மாணவர்; இடையே அறுபது ஆண்டுக்கு மேல். முன்னவர் காலத்தில் ஆட்டத்துக்குப் பணம் பெறுவது வீரனின் தகுதியைக் கெடுக்கும் குற்றம். பின்னவர் காலத்தில் அது மதிப்புடைய தொழில். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்ட இடங்கொடுத்தனர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி, 2025–26ஆம் ஆண்டுக்கு ஒவ்வொரு நிலையமும் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை தன் வீரருக்கு நேராகவே பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று.

அத்துணைப் பணம் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் கதவைத் தட்டப்போவதில்லை. எனினும் கொள்கை தட்டும். ஏழை மாணவனுக்குப் பாதணியும் சத்துணவும் பேருந்துச் செலவும் கொடுப்பதை எந்த விதியும் குற்றமாகக் கருதுதல் தகாது. அப்பணத்தைக் காட்டி ஒரு பாடசாலையின் பிள்ளையை மற்றொன்று விலைபேசுவதைத் தடுப்பதே விதியின் வேலை. முன்னது பிள்ளைக்கு உதவி; பின்னது பிள்ளையைப் பண்டமாக்கல். இவ்விரண்டையும் பிரித்தறியாத விதி, உதவியை நிறுத்திவிட்டு வாணிகத்தை மறைவில் வளரவிடும்.

விதியை மாற்றுவோர் மனங்கொள்ளவேண்டியவை சிலவே. பருவம் தொடங்குமுன் விதி அறிவிக்கப்படுதல் வேண்டும்; பட்டியல் எழுதும் காலையில் புது விதி பிறத்தலாகாது. பெரிய கல்லூரிக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். விலக்கப்பட்டவன் தன் காரணத்தைச் சொல்ல ஓர் அவையும், அவ்வவை விரைந்து விடைகூற ஒரு நாளும் குறிக்கப்படுதல் வேண்டும். ஏனெனில் மாணவனின் ஆட்டப் பருவம் குறுகியது. நீதிமன்ற வழக்குப்போல் ஆண்டுகள் காத்திருந்தால், தீர்ப்பு வருமுன் மீசை முளைத்துவிடும்.

அடுத்த பெருஞ்சமரன்றும் பந்தலின் ஓரத்தில் ஒருவன் நிற்பான். எல்லாரும் ஆட இயலாது. அது விளையாட்டின் இயல்பு. ஆனால் அவன் அங்கு நிற்பதற்கு அவனுடைய திறமைக் குறைவோ, அவனே செய்த பிழையோ காரணமாயிருக்கட்டும். அவன் பிறந்த ஊரும், அவன் தந்தையின் வறுமையும், அவன் கையினின்று போர் பறித்த ஓராண்டும் காரணமாகாதிருக்கட்டும். அந்நிலையைக் காப்பதற்கே விதி வேண்டும். அதைக் காவாத விதியை மாற்றுவதற்கு, அதை இயற்றியோர் தாமே முதலில் எழுந்து நிற்றல் வேண்டும்.